இரண்டு பேர் திரும்பினார்கள்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், பத்திர ஆபீசில்
சர்வர் படுத்துவிட்டது.
டோக்கன் பதினேழோடு நின்றது. எங்களுடையது பத்தொன்பது.
நான் எழுதிய பாகப் பத்திரம் என் மடியில்.
கையெழுத்துப் போட வேண்டிய இருவரும்
முப்பத்தோரு வருஷமாய்ப் பேசாதவர்கள்:
தாய்மாமன் தாணப்பன் இங்கே,
மருமகன் ஹரீந்திரன் பாறசாலையில்,
நடுவே ஆறரை செண்டும் ஒரு கிணறும்.

டாக்சிக்காரர் ஞானசிகாமணிதான் சீட்டை எடுத்தார்.
இருபத்தெட்டுக்கு நாலு பேர் வேணும்.
பலாமரத்து மேடையில் செய்தித்தாள் விரித்துச்
சுற்றி உட்கார்ந்தோம்.
பேசாதவர்கள் பக்கத்தில் உட்காருவார்களா,
எதிரெதிரே போய் உட்கார்ந்தார்கள்.
எதிரே இருப்பவன்தான் இந்த ஆட்டத்தில் கூட்டாளி
என்பது சீட்டு கைக்கு வந்த பிறகே உறைத்தது.

"பதினாலு" என்றார் மாமன், பலாமரத்திடம்.
"பதினஞ்சு" என்றேன் நான்.
"பதினாறு" என்றான் மருமகன், தன் செருப்பிடம்.

துருப்பில் சண்டை இல்லை.
எந்தக் கப்பலில் வந்ததோ,
இரு கரையிலும் ஒன்றுபோலவே இறங்கியிருக்கிறது.
ஆசும் அப்படித்தான்.
முட்டிக்கொண்டது ஜாக்கியில்.
ஒருவர் ஜாக்கி என்றார், மற்றவர் குலான்.
குலாம், அடிமை, வாசலில் நிற்பவன்.
இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கு மதிப்பே கிடையாது. ராணிக்கும்.
அடிமைக்கு மூன்று.
இப்படி எண்ணி வைத்தவன்
ஏதோ ஓர் அரண்மனையின் பின்கட்டில்
உருளி கழுவியிருப்பான்.

வராந்தாவில், வில்லங்கச் சான்றுக்கு வந்த பெண்கள்
தரையில் கட்டம் கீறி
ஒரு பக்கம் உரைத்த புளியங்கொட்டை நாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.
மஞ்சள் துப்பட்டாக்காரி வெகுநேரமாய் வெளியிலேயே இருந்தாள்.
மூணு விழுந்தது. எட்டு விழுந்தது. மறுபடி மூணு.
காய் இறங்கவில்லை.
கடைசியில் ஒற்றை வெள்ளை மட்டும் நிமிர்ந்து பார்க்க,
கத்தினாள்:
"தாயம்!"

மாமனும் மருமகனும் ஒன்றாகத் திரும்பினார்கள்,
கோர்ட்டில் பெயர் கூப்பிட்டதுபோல்.

மடியில் மூலப் பத்திரத்தின் நகலும் இருந்தது,
கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு.
அதில் மருமக்கத்தாயம் என்று ஒரு சொல்.
பதினெட்டு வருஷமாய் அதைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் கொட்டையும் உருட்டுகிறேன்.
இரண்டும் ஒரே சொல் என்று அன்றுதான் காதில் விழுந்தது.
தாயம், பங்கு.
தாயம், ஒன்று.
ஒன்றுக்கு ஒன்று என்றே சொன்னால் போதாதா?
போதாதுபோல.
பங்கு விழாதவரை
எட்டு மேல் எட்டு விழுந்தாலும் நீ வெளியாள்.

பழைய வடக்கத்திச் சூதில் நாலு கிருதம்,
மூணு திரேதம், ரெண்டு துவாபரம்.
மிஞ்சிய ஒன்று கலி, தோற்றவன் கை.
அந்தப் பெயர்களையே யுகங்களுக்கும் வைத்து
நம்மைக் கடைசி ஒன்றில் குடியேற்றிவிட்டார்கள்.
இங்கே புளியங்கொட்டையிலோ
அதே ஒன்றுக்குத்தான் கதவு திறக்கிறது.
எது சரி? எனக்குத் தெரியாது.
நிலத்துக்கு என்றால் தாய்ப்பத்திரம் கேட்பேன்.
சொல்லுக்கு யாரிடம் போய்க் கேட்க?

கூட்டாளிகள் தோற்றார்கள்.
ஞானசிகாமணி பலா இலையைச் சுருட்டி, ஈர்க்கில் குத்தி,
இருவர் காதிலும் குணுக்கு மாட்டினார்.
"குலானை முன்னமே இறக்கியிருக்கணும் நீங்க" என்றான் ஹரீந்திரன்.
"ஜாக்கி" என்று திருத்தினார் தாணப்பன்.
முப்பத்தோரு வருஷத்தில் அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

அதற்குள் சர்வர் எழுந்தது.
பதினெட்டாம் டோக்கன் டீ குடிக்கப் போயிருந்தது.
ஓடினோம். ரேகை வைத்தார்கள், கேமராவைப் பார்த்தார்கள்.

அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தேன்.
இரண்டாம் பக்கத்தில், முத்திரைக்குக் கீழே,
முறைத்தபடி இரண்டு முகம்,
இரண்டு காதிலும் பலா இலை.

கிணறு பொது என்று எழுதியிருந்தேன்.
குணுக்குக்கு ஷரத்து எதுவும் போடவில்லை.